எரிமலைத் தீவை நடந்தே சுத்திப் பார்க்கலாமா?

கேள்வி: ஈக்வடார் நாட்டோட கலாபகோஸ் தீவுகளுக்குப் போகணும்னு ரொம்ப நாள் ஆசை மேடம். க்ரூஸ் கப்பல்ல போற அளவுக்கு வசதி இல்லை. இசபெலா தீவுல மட்டும் நாலு நாள் தங்கி எரிமலை ஏறி, அங்க இருக்கிற உயிரினங்களையும் பார்க்க முடியுமா? அறுபது வயசு அம்மாவும் கூட வர்றாங்க.
- ஒரு வாசகி

பதில்: தாராளமா முடியும்மா, சொல்லப்போனா க்ரூஸை விட இதுதான் எனக்குப் பிடிச்ச வழி. சான்டா குரூஸ் தீவுலேர்ந்து ஸ்பீட் போட்ல ரெண்டு மணி நேரம், கடல் நல்லா தூக்கிப் போடும், அம்மாவுக்கு வாந்தி மாத்திரை முன்னாடியே குடுத்துடுங்க. இறங்குற இடத்துலயே பெஞ்சு மேல கடல்சிங்கம் தூங்கிட்டிருக்கும், பாறையில கடல் இகுவானா, அதாவது கடல்ல நீந்தி இரை தேடற பெரிய பல்லி, கூட்டம் கூட்டமா வெயில் காயும். கொஞ்சம் தள்ளி ஒரு பத்து நிமிஷம் சும்மா உக்காந்து பாருங்க, திடீர்னு மூக்குலேர்ந்து புஸ்ஸுன்னு பீச்சும், அது சளி இல்லை, கடல்பாசி திங்கறப்போ உள்ள போற உப்பை அப்படித்தான் வெளியேத்துது, அதான் தலையெல்லாம் வெள்ளை வெள்ளையா படிஞ்சிருக்கும்.

நீங்க கேட்ட எரிமலைன்னா சியரா நெக்ரா, அதுக்கு கைடு இல்லாம விடமாட்டாங்க. போக வர கிட்டத்தட்ட 16 கிலோமீட்டர். மொதல்ல மண் பாதை, மழை பேஞ்சா ஒரே சேறு. மேல போய் விளிம்புல நின்னா கீழ சுமார் 10 கிலோமீட்டர் அகலத்துக்கு கருகருன்னு ஒரு பள்ளம், 2018ல கூட வெடிச்ச மலைம்மா அது, பார்க்கறப்போ பேச்சே வரல எனக்கு. அங்கேர்ந்து வோல்கான் சிக்கோங்கற எரிமலைக் குழம்பு உறைஞ்ச இடம் வரைக்கும் பொட்டு நிழல் கிடையாது, காலடியில கண்ணாடிச் சில்லு மாதிரி கல்லு, இரும்பு துருப்பிடிச்சு செவப்பும் ஆரஞ்சுமா கலந்து கிடக்கும், சில பொந்துகிட்ட கை கொண்டுபோனா இன்னும் சூடு அடிக்குது. தண்ணி நிறைய எடுத்துக்கோங்க.

அம்மாவுக்கு மூட்டு வலி இருந்தா அன்னிக்கு மலை வேண்டாம். ஊரை ஒட்டியே பலகைப் பாதை இருக்கு, குளத்துல ஃபிளமிங்கோ நிக்கும், அதே வழியில ராட்சச ஆமை வளர்க்கிற இடமும் வரும். பென்குயின் பார்க்க மட்டும் சின்ன போட் எடுக்கணும்.

செலவுன்னா, 2024 ஆகஸ்ட்லேர்ந்து வெளிநாட்டுக்காரங்களுக்கு நுழைவுக் கட்டணமே 200 டாலர், தீவுக்குள்ள போக வாங்க வேண்டிய டிரான்சிட் கார்டு தனி. அப்புறம் எந்தப் பிராணிகிட்டயும் 2 மீட்டர் தள்ளியே நில்லுங்க, அதுவா கிட்ட வந்தா நீங்க பின்னாடி போங்க, மனுஷனைப் பார்த்து பயப்படத் தெரியாத ஜீவன்கள், அந்த நம்பிக்கையை நாம கெடுக்கக் கூடாது. கிளம்புறதுக்கு முந்தின நாள் ஷூ அடியை பிரஷ் போட்டுத் தேய்ச்சுக் கழுவிடுங்க, மண்ணுல ஒட்டிட்டு வர்ற ஒரு விதை கூட அங்க முளைக்கக் கூடாது.