கேள்வி – பதில்

கேள்வி: என் தாத்தா கப்பலில் சிங்கப்பூர் சென்று உழைத்தவர், ஊர் திரும்பிய பிறகும் அங்கு வாசித்த 'தமிழ் முரசு' பற்றியே பேசுவார். அதன் வரலாற்றைக் கூறுவீர்களா?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: திருவாரூரில் பிறந்து சிங்கப்பூரில் குடியேறிய கோ. சாரங்கபாணி, 1935-இல் தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் சார்பில் இதனை வார இதழாகத் தொடங்கினார். ஒரு காசு விலையில் கூலித் தொழிலாளியின் கைக்கும் எட்டிய அவ்விதழ், பின்னர் நாளேடாக வளர்ந்தது.

செய்தி தருவதோடு அது நிற்கவில்லை என்பதே அதன் தனிப்பெருமை. 1950-களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு உரிய இடம் கேட்டுச் சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதியைத் திரட்டியபோது, தோட்டத் தொழிலாளரும் துறைமுகக் கூலிகளும் வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசைக் கொடுத்தார்கள்; அதை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. குடியுரிமை பெறுமாறு தமிழர்களை அவர் விடாது வற்புறுத்தியதும் அக்காலத்தில்தான். 'மாணவர் முரசு' பகுதியில் எழுதிப் பழகிய பிள்ளைகள் சிலர் பின்னாளில் அந்நாட்டின் எழுத்தாளர்களாக உயர்ந்தனர்.

சாரங்கபாணி 1974-இல் மறைந்தார். தமிழர் சிறுபான்மையினராகவும், தமிழ் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்றாகவும் உள்ள அந்நாட்டில், முரசு இன்றும் வெளிவருகிறது.