கேளுங்கள், சொல்கிறோம்

கேள்வி: வட துருவத்தில் பனி உருகி, ஐரோப்பாவுக்குக் கப்பல்கள் குறுக்கு வழியில் போகப் போகிறதாமே அண்ணே? ஆத்தங்குடி டைல்ஸ் ஜெர்மனிக்கு அனுப்புகிறேன். 20 அடி கன்டெய்னரில் பாதி உயரம் அடுக்குவதற்குள் எடை முடிந்துவிடுகிறது, வாடகை மட்டும் முழுசு. இனியாவது குறையுமா?
(ஆத்தங்குடி வாசகர்)

பதில்: குறையாது தம்பி. அந்த வழி ரஷ்யாவுக்கும் அலாஸ்காவுக்கும் நடுவில் உள்ள பெரிங் நீரிணையில் நுழைந்து, ரஷ்யாவின் வடக்குக் கரையை ஒட்டியே நார்வே பக்கம் போய்ச் சேர்வது. யோகோஹாமாவிலிருந்து ராட்டர்டாமுக்கு சூயஸ் வழியாகப் போனால் சுமார் 20,000 கி.மீ., வடக்கே போனால் 13,000 சொச்சம். ஆதாயம் ஜப்பான், கொரியா, சீனாக்காரர்களுக்கு. தூத்துக்குடிச் சரக்கு அந்த வழியைப் பிடிக்க சிங்கப்பூரைச் சுற்றி, ஜப்பானையும் தாண்டி மேலே ஏற வேண்டும். காரைக்குடியிலிருந்து மதுரைக்குப் போக திருச்சி பஸ்ஸில் ஏறின கதைதான்.

சரி, ஜப்பான்காரராவது அங்கே ஓடுகிறாரா என்றால், அதுவும் பெரிதாக இல்லை. 2018-இல் மெர்ஸ்க் கம்பெனி 'வென்டா மெர்ஸ்க்' என்ற கன்டெய்னர் கப்பலை விட்டுப் பார்த்தது. அது சுமார் 3,600 பெட்டி பிடிக்கும், பயணம் வெள்ளோட்டம்தான் என்று அவர்களே சொன்னார்கள். 2021-இல் சூயஸில் ஆறு நாள் குறுக்கே மாட்டிக்கொண்டு நின்றதே 'எவர் கிவன்', அது 20,000 பெட்டி! அந்த சைஸ் கப்பலுக்கு வடக்கு வழியில் வரும் சன்னிகோவ் நீரிணையில் ஆழம் போதாது, அங்கே 13 மீட்டர்தான். பனி மிகவும் குறைவது செப்டம்பரில். பனி கெட்டியாக இருக்கும் மாதங்களில் பெரும்பாலும் அணுசக்தி ஐஸ் உடைப்புக் கப்பல் முன்னால் போய் வழி திறந்தால்தான் உண்டு. அப்புறம், கன்டெய்னர் கப்பல் டவுன் பஸ் மாதிரி, கொழும்பு, சிங்கப்பூர் என்று நின்று நின்று ஏற்றி இறக்கினால்தான் கட்டுபடியாகும். சைபீரியக் கரையில் யார் ஏறுவார்கள்? இன்று அங்கே அதிகம் ஓடுவது ரஷ்யாவின் சொந்த எரிவாயுவும் எண்ணெயும்தான், எரிவாயுவை ஏற்றவே அந்தக் கரையில் சபெட்டா என்ற இடத்தில் துறைமுகம் கட்டினார்கள்.

உங்கள் வாடகையைக் கூட்டியது, சூயஸுக்குப் போகும் வழியில் இருக்கிற செங்கடல். 2023 கடைசியில் அங்கே தாக்குதல் ஆரம்பித்ததும் கப்பல்கள் ஆப்பிரிக்காவையே சுற்றிப் போயின. ஏஜென்ட்டிடம் பேசும்போது, உங்கள் சரக்கு இப்போது எந்த வழியாகப் போகிறது என்று கேளுங்கள்.

கேள்வி: கடலில் மிதக்கிற பனி அத்தனையும் உருகினால் தொண்டிக்குள் தண்ணீர் வந்துவிடாதா?
(கானாடுகாத்தான் ஆச்சி ஒருவர்)

பதில்: ஒரு டம்ளரில் ஐஸ் கட்டி போட்டு, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி வைத்துப் பாருங்கள் ஆச்சி. கட்டி கரைந்தாலும் வழியாது. மிதக்கிற பனி அப்படித்தான். கடலை ஏற்றுவது கிரீன்லாந்து போலத் தரையில் கிடக்கிற பனி, அதுவும் இப்போது உருகிக்கொண்டுதான் இருக்கிறது.