வெடைக்கோழி ஒரு நாள் பழுப்பாகவும் ஒரு நாள் வெள்ளையாகவும் முட்டையிடுவது ஏன்?

கேட்டவரின் கோழிகளுக்கு ஆறு மாதம். இப்போதுதான் முட்டைக்கு வந்திருக்கின்றன. ஒரே கோழியின் முட்டை ஒரு நாள் பழுப்பு, ஒரு நாள் வெளுப்பு. தீவனக் குறையா, நோயா என்று கேட்கிறார்.

பெரும்பாலும் இரண்டும் இல்லை. ஒரு மாதம் விட்டுப்பிடியுங்கள்.

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காபி, கொஞ்சம் மிளகு, பதினோரு சிறுவிடை நாட்டுக்கோழிகள். போன வருடம் ஒரு வெடைக்கோழி கொண்டை சிவந்து, ரெண்டு நாள் கேறிக்கொண்டே திரிந்து, கடைசியில் சாக்கு மூட்டைக்குப் பின்னால் இடம் பிடித்தது. முதல் முட்டை எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. பால் தூக்கலாக விட்ட காபி நிறம், ஒரு முனையில் ரத்தக் கீற்று. ஒரு நாள் விட்டு அடுத்தது, அழுக்கு வெள்ளை. மூன்றாவதில் பழுப்பின் மேல் சுண்ணாம்பைத் தூவிய மாதிரி ஒரு படலம்.

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "அந்த வெள்ளை என் கோழியுது கண்ணு, வேலி தாண்டி வந்து போட்டிருக்கும்" என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் கோழி வெள்ளை முட்டைதான் போடும், அதனால் வாயைத் திறக்க முடியவில்லை. அடுத்த முறை கேற ஆரம்பித்ததும் என் வெடைக்கோழியைப் பஞ்சாரத்தில் கவிழ்த்தேன். பதினோரு மணிக்குத் தூக்கிப் பார்த்தால் இன்னொரு வெளுத்த முட்டை! அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பழைய முட்டை அதற்குள் ஆம்லெட் ஆகியிருந்தது.

விஷயம் என்னவென்றால், வெள்ளையோ பழுப்போ இடுகிற எந்தக் கோழியின் ஓடும் அடிப்படையில் வெள்ளைதான், சுண்ணாம்பு. ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆகும். அதில் ஏறக்குறைய 20 மணி நேரம் ஓடு கட்டவே போய்விடும். பழுப்பு நிறம் ஏறுவது முக்கியமாக முட்டை வெளியே வருவதற்கு முந்தைய சில மணி நேரத்தில். புரோட்டோபோர்ஃபிரின் என்ற நிறமி அது, வீட்டுக்குக் கடைசியில் அடிக்கிற பெயின்ட் மாதிரி. பழகிய கோழிக்கு இந்த நேரக்கணக்கு பெரும்பாலும் பிசகாது. வெடைக்கோழிக்கு இன்னும் கணக்கு படியவில்லை. முட்டை முந்தினால் பெயின்ட் ஏறாமல் வெளுத்து வரும். நாயோ கீரியோ துரத்திப் பயந்துபோய் முட்டையை உள்ளேயே அடக்கிவைத்தால், நிறத்துக்கு மேல் இன்னொரு பூச்சு சுண்ணாம்பு விழும். என் மூன்றாவது முட்டை இந்த வகை. ஓடு கட்டாத தோல்முட்டை, ரெட்டைக் கரு எல்லாமும் இந்தப் பருவத்தில்தான் அதிகம். ரத்தக் கீற்றுக்கும் பயப்பட வேண்டாம், வழி புதுசு.

தீவனத்தை மாற்றி மாற்றிப் பார்க்காதீர்கள். தீனியில் மாறுவது மஞ்சள் கருவின் நிறம். கீரையும் மக்காச்சோளமும் தின்றால் அது அடர்ந்து வரும். ஓட்டின் நிறம் பரம்பரை. ஓட்டின் உறுதிக்குக் கிளிஞ்சல் தூளைத் தனித்தட்டில் வையுங்கள், வேண்டிய அளவு அதுவே கொத்திக்கொள்ளும்.

கவலைப்பட வேண்டியது வேறு இடத்தில். நன்றாகப் பழுப்பு முட்டையிட்டு வந்த கோழிகள் மொத்தமும் ஒரே வாரத்தில் வெளுத்தால், கூடவே எண்ணிக்கை குறைந்து, ஓடு சுருங்கி, கோழி கரகரவென்று மூச்சு விட்டால், அது மூச்சுக்குழல் நோயாகவோ வெள்ளைக்கழிச்சலாகவோ இருக்கலாம். அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். ரத்தக்கழிச்சலுக்கான நிகார்பசின் மருந்து முட்டைக்கோழித் தீவனத்தில் கலந்துவிட்டாலும் பழுப்பு வெளுத்துப்போகும். நோய் எதுவும் தெரியாவிட்டால் தீவன மூட்டையையும் ஒருமுறை பாருங்கள்.

விற்பதுதான் தலைவலி. கீழே சேலம் அஸ்தம்பட்டியில் வாடிக்கையாக வாங்குகிற ஒரு வீட்டில், "பாதி பிராய்லர் முட்டையைக் கலந்துட்டீங்களா?" என்று கேட்டார்கள். பிராய்லர் கறிக்கோழி, நாமக்கல்லிலிருந்து வருகிற வெள்ளை முட்டை லேயர் கோழியுடையது என்று விளக்கினால் இன்னும் சந்தேகப்பட்டார்கள். இப்போது வெளுத்ததை வீட்டுக்கு வைத்துக்கொண்டு பழுப்பை மட்டும் கீழே அனுப்புகிறேன். ருசியிலும் சத்திலும் வித்தியாசம் இல்லை, எங்களுக்கு லாபம்தான்.

அந்தக் கோழி நாலைந்து வாரத்தில் ஒரே வெளிர் பழுப்பில் நிலைத்தது. அப்புறம் அடைக்கு உட்கார்ந்து, குஞ்சு பிரித்துவிட்டு மறுபடி முட்டைக்கு வந்தபோது முதல் முட்டை முன்னைவிட அடர்த்தியாக இருந்தது. ஓய்வுக்குப் பிறகு அப்படித்தான் வரும், அதற்கும் மருந்து தேட வேண்டாம்.