முதல் டிராக் நாளுக்கு முன்: தயங்குபவர்களின் கேள்விகளும் பதில்களும்

பந்தயத் தடத்தில் முதன்முறையாகத் தங்கள் பைக்கை ஓட்டிப் பார்க்கப் பெயர் கொடுத்துவிட்டு, அன்றிலிருந்து சரியாகத் தூங்காதவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. டிராக்கில் பல ஆண்டுகளாக ஓட்டியதாலும், புதியவர்களின் குழுவுக்கு முன்னால் வழிகாட்டியாகச் சென்றதாலும் கிடைத்த அனுபவத்தை வைத்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஒரு வாரமாக வயிற்றைக் கலக்குகிறது. விழுந்துவிடுவேனோ என்பதைவிட, எல்லாரும் வேகமாகப் போகும்போது நான் மட்டும் நடுவில் இடைஞ்சலாக இருப்பேனோ என்பதுதான் பெரிய பயம்.

டிராக் நாள் என்பது பந்தயம் அன்று. முதலிடமும் இல்லை, பரிசும் இல்லை. பெரும்பாலான இடங்களில் ஓட்டுபவர்களை அனுபவத்தின்படி இரண்டு அல்லது மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் 15 முதல் 20 நிமிடங்கள் வரை மாறி மாறி உள்ளே அனுப்புவார்கள். பதிவு செய்யும்போது கூச்சப்படாமல் புதியவர்களுக்கான குழுவைக் கேட்டு வாங்குங்கள்; அங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் உங்களைப் போலவே தூக்கம் கெட்டு வந்தவர்கள்தான்.

முந்திச் செல்பவர் பாதுகாப்பாக முந்த வேண்டும் என்பது அவருடைய பொறுப்பு. உங்கள் பொறுப்பு நீங்கள் போகிற பாதையில் மாற்றமில்லாமல் போவது மட்டுமே. பின்னால் சத்தம் கேட்கிறதே, வழிவிடுவோம் என்று மரியாதையாகத் திடீரென ஒதுங்குகிறீர்களே, அதுதான் ஆபத்து. ஏனென்றால் அவர் நீங்கள் ஒதுங்கிய பக்கமாகவே முந்தத் தீர்மானித்திருக்கலாம். திரும்பிப் பார்க்கவும் வேண்டாம்.

பதற்றத்தைப் பொறுத்தவரை ஒன்று சொல்கிறேன். பயம் மனத்தில் பிறந்தாலும் அது வண்டிக்குத் தெரியவருவது கைவழியாகத்தான். என் முதல் நாளில், முதல் ஓட்டம் முடிந்து வந்து தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திறக்கப் பார்த்தேன். விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன, பக்கத்தில் இருந்தவர் வாங்கித் திறந்துகொடுத்தார். இருபது நிமிடம் ஹேண்டில்பாரை அவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. இறுகிய கை முன்சக்கரத்தைத் தன் போக்கில் திரும்ப விடாது, வண்டி தள்ளாடும், அதைப் பார்த்துக் கை இன்னும் இறுகும். ஆகவே பயத்தைப் போக்குவதில் நேரத்தைச் செலவிடாதீர்கள், பிடியைத் தளர்த்துங்கள். நேர்ப்பாதைக்கு வரும்போதெல்லாம் முழங்கையைக் கோழி சிறகடிப்பது போல ஒருமுறை அசைத்துப் பாருங்கள். அசையவில்லை என்றால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது 200 சி.சி. பைக். இதை எடுத்துக்கொண்டு போனால் சிரிப்பார்களா? நண்பர் தன்னுடைய 1000 சி.சி. பைக்கைத் தருவதாகச் சொல்கிறார்.

நண்பருக்கு நன்றி சொல்லிவிட்டு உங்கள் பைக்கையே கொண்டுபோங்கள். பழகிய வண்டியின் கிளட்ச் எங்கே பிடிக்கும், பிரேக் எவ்வளவு அழுத்தினால் கடிக்கும் என்பதெல்லாம் உங்கள் விரலுக்குத் தெரியும். அந்தக் கவனம் மிச்சமாகித் தடத்தைக் கற்பதற்குப் போகும். இன்னொரு கணக்கும் உண்டு: 200 கி.மீ. வேகத்தில் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல், 100 கி.மீ. வேகத்தில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு அன்று, நான்கு மடங்கு. பெரிய வண்டி நேர்ப்பாதையில் உங்களை வளைவின் வாசலுக்குக் கொண்டுவந்து தள்ளிவிடும். அதற்குப் பிறகு என்ன செய்வது என்று அதற்குக் கற்றுத்தரத் தெரியாது.

கேள்வி: ஐயா, வண்டியில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? ஷோரூமில் சர்வீஸ் செய்தால் போதாதா?

சர்வீஸ் அவசியம், ஆனால் போதாது. சாலையில் ஒரு நாள் முழுவதும் பிடிக்கிற பிரேக்கை டிராக்கில் சில சுற்றுகளிலேயே பிடித்துவிடுவீர்கள் என்பதால் பிரேக்கிலிருந்து தொடங்குங்கள். பிரேக் பேடில் தாராளமாகக் கனம் இருக்க வேண்டும். சாலைக்கு இன்னும் ஒரு மாதம் தாங்கும் என்ற நிலையில் இருப்பதை மாற்றிவிடுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி; ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155 வரை இறங்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி சேரும், ஆவி அமுங்கும், லீவர் ஹேண்டில்பார் வரை வந்து தொட்டாலும் வண்டி நிற்காது. ஓராண்டுக்கு மேலான ஆயிலை மாற்றிவிடுவதற்கு இதுவே காரணம். டாட் 5.1 இன்னும் அதிக வெப்பம் தாங்கும். ஆனால் டாட் 5 என்பது சிலிக்கான் வகை, பெயர் ஒத்திருக்கிறதே என்று அதை ஊற்றிவிடாதீர்கள்.

அடுத்தது டயர். பக்கச்சுவரில் டாட் (DOT) என்ற எழுத்துகளுடன் தொடங்கும் குறியின் கடைசியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் வார்க்கப்பட்டது. பட்டனில் ஆழம் நிறைய இருந்தும் ரப்பர் இறுகிப்போன பழைய டயர், தேய்ந்த புது டயரைவிட மோசமாகக் கைவிடும். நகத்தால் அழுத்திப் பாருங்கள், பக்கவாட்டில் வெடிப்புக் கோடுகள் உண்டா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.

செயின் தளர்ச்சி கையேட்டிலுள்ள அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். சக்கர அச்சின் நட்டு, ஆயில் வடிகால் போல்ட் ஆகியவற்றைக் கையேட்டிலுள்ள இறுக்கத்துக்கு டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்துப் பாருங்கள். ஆக்ஸிலேட்டரைத் திருகி விட்டால் தானாகவே சடக்கென்று மூடிக்கொள்ள வேண்டும்; ஹேண்டிலை இருபுறமும் முழுதாகத் திருப்பியும் இதைச் சோதியுங்கள். எஞ்சினுக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாளை இரவு முழுக்க விரித்து வைத்துக் காலையில் பார்த்தால், ஒழுகல் உண்டா என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும். கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) உள்ள வண்டியாக இருந்தால் ஏற்பாட்டாளரைக் கேளுங்கள்: கிளைகால் என்ற வேதிப்பொருள் கலந்த கூலன்ட் தடத்தில் கொட்டினால் வழுக்கும், கழுவுவதும் கஷ்டம் என்பதால் சிலர் வெறும் தண்ணீர்தான் இருக்க வேண்டும் என்பார்கள். கண்ணாடிகளைக் கழற்றவோ மூடவோ வேண்டும், விளக்குகளின் மேல் டேப் ஒட்ட வேண்டும். ஸ்பீடோமீட்டர் மேலும் ஒரு துண்டு ஒட்டிவிடுங்கள் என்பது என் யோசனை; அந்த எண்ணைப் பார்த்து யாருக்கும் நன்மை விளைந்ததில்லை.

கேள்வி: டயரில் எவ்வளவு காற்று வைப்பது? ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள்.

ஆளுக்கொரு டயர் என்பதால்தான். டிராக்கில் டயர் சாலையைவிடச் சூடாகி, உள்ளே காற்றழுத்தம் ஏறும். அதனால் சாலைக்குரிய அளவிலிருந்து சற்றுக் குறைத்துத் தொடங்குவது வழக்கம். உங்கள் டயர் தயாரிப்பாளர் டிராக் ஓட்டத்துக்குத் தரும் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள், அது சூடான நிலைக்கா ஆறிய நிலைக்கா என்பதையும் கேளுங்கள். சொந்தமாக ஓர் அளவுமானி வைத்திருந்து, ஓட்டம் முடிந்து வந்தவுடன் அளந்து குறித்துக்கொண்டால் மதியத்துக்குள் உங்களுக்கே ஒரு கணக்குப் பிடிபடும்.

கேள்வி: இரண்டு துண்டு தோல் உடை வாங்கலாமா, ஒரே துண்டு உடைதான் வேண்டுமா?

மேலும் கீழும் இடுப்பைச் சுற்றி முழு ஜிப்பால் இணையும் இரண்டு துண்டு உடையைப் பல ஏற்பாட்டாளர்கள் ஏற்கிறார்கள். பாதி ஜிப் உள்ளதை மறுப்பார்கள். முதல் நாளுக்கு வாடகைக்கு எடுப்பது தவறே இல்லை, ஆனால் முந்தின நாளே போட்டுப் பார்த்து, பைக்கில் உட்கார்ந்து குனிந்து பாருங்கள். நிற்கும்போது தோள் இழுத்துப் பிடிப்பது போல இருந்தால்தான் குனிந்தபின் சரியாக இருக்கும். முழங்கைப் பட்டை கையைச் சுற்றி நழுவினால் அந்த அளவு உங்களுக்கு உதவாது.

கையுறை மணிக்கட்டைத் தாண்டி உடையின் மேல் இறுக வேண்டும், பூட்ஸ் கணுக்காலை மூட வேண்டும், முதுகுக்கு இ.என். 1621-2 என்ற ஐரோப்பியத் தரச் சான்று பெற்ற காப்பு வேண்டும். ஹெல்மெட் முழுமுகமாக, இரட்டை வளையப் பட்டியுடன், இ.சி.இ. 22.06 போன்ற நடப்புச் சான்றுடன் இருக்கட்டும். ஒருமுறை கீழே விழுந்து அடிபட்டதென்றால் வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் அதை மறந்துவிடுங்கள். காதடைப்பான் போடுங்கள்: இரைச்சல் குறைந்தால் நெஞ்சுப் படபடப்பும் குறைவதை முதல் சுற்றிலேயே உணர்வீர்கள்.

கேள்வி: கொடிகளை எப்படி நினைவில் வைப்பது? பார்க்கத் தவறினால்?

காலைக் கூட்டத்தில் விளக்குவார்கள். நாளுக்கு நாள் சிறு வேறுபாடு இருக்கும் என்பதால் கவனமாகக் கேளுங்கள். பொதுவாக மஞ்சள் என்றால் முன்னால் ஏதோ நடந்திருக்கிறது, முந்தக் கூடாது. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம். பின்னால் வருபவர் மோதிவிடாதபடி சடாரென்று பிரேக் போடாமல், கையை உயர்த்தி, வேகம் தணித்துப் பிட்டுக்கு (வண்டிகள் நிறுத்தும் இடத்துக்கு) திரும்ப வேண்டும். மஞ்சளும் சிவப்பும் கோடுகளாக இருந்தால் தடம் வழுக்குகிறது. கறுப்பு உங்களை நோக்கிக் காட்டப்பட்டால் உள்ளே வாருங்கள். அதில் ஆரஞ்சு வட்டம் இருந்தால் உங்கள் வண்டியிலிருந்து ஏதோ ஒழுகுகிறது அல்லது கழன்றிருக்கிறது, தடத்தைவிட்டு உடனே விலகுங்கள். கறுப்பு வெள்ளைக் கட்டக் கொடி உங்கள் குழுவின் ஓட்டம் முடிந்ததற்கு. முதல் இரண்டு மெதுவான சுற்றுகளில் வளைவுகளைப் பார்ப்பதற்கு முன் மார்ஷல்கள் (தடத்தின் ஓரத்தில் கொடி காட்டும் பணியாளர்கள்) நிற்கும் இடங்களை எண்ணிக்கொள்ளுங்கள். அங்கே பார்க்கிற பழக்கம் வந்துவிட்டால் கொடி தவறாது.

கேள்வி: நான் பெண், சாலையில் ஆறு ஆண்டுகளாக ஓட்டுகிறேன். நேர்ப்பாதையில் பயமில்லை. வளைவுக்குள் நுழைந்தபின் "வேகம் அதிகமாகிவிட்டதே" என்று தோன்றினால் என்ன செய்வது என்பதை நினைத்தால் உறைந்துபோகிறேன்.

வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அந்தத் தருணத்தில் உடல் மூன்று காரியங்களைத் தானாகவே செய்யும்: ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று மூடும், முன் பிரேக்கைப் பிடிக்கும், கண்ணைத் தடத்தின் வெளி ஓரத்தில் குத்திட்டு நிற்கவைக்கும். மூன்றுமே வண்டியை வெளியே கொண்டுபோகும். கண் போகிற இடத்துக்குத்தான் வண்டி போகும் என்று எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். டிராக்கில் அது மேலும் கூர்மையாக உண்மையாகிறது, ஏனென்றால் 100 கி.மீ. வேகத்தில் ஒரு விநாடியில் ஏறத்தாழ 28 மீட்டர் கடந்துவிடுகிறீர்கள். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் பார்க்கிற கண்ணுக்கு எதையும் திருத்த நேரமில்லை.

அப்படித் தோன்றும் தருணத்தில் தலையைத் திருப்பி வளைவு முடியும் இடத்தைத் தேடுங்கள். வளைவு வலப்பக்கம் என்றால் வலது கைப்பிடியை முன்னோக்கி மெல்லத் தள்ளுங்கள். வண்டி மேலும் சாயும், திரும்பும். பத்தில் ஒன்பது முறை, புதியவர் "முடியாது" என்று நினைக்கும் வேகத்துக்கும் டயர் உண்மையில் கைவிடும் வேகத்துக்கும் இடையே பெரிய இடைவெளி இருப்பதை, அவர்களுக்கு முன்னால் போய்த் திரும்பிப் பார்க்கும்போது கண்டிருக்கிறேன்.

ஆனால் அந்தத் தருணமே வராமல் பார்த்துக்கொள்வது மேல். பிரேக்கை நேராக இருக்கும்போதே, நீங்கள் போதும் என்று நினைக்கும் இடத்துக்கும் முன்னதாகவே தொடங்கி முடித்துவிடுங்கள். கியரைக் குறைப்பதும் அதற்குள் முடியட்டும். பிறகு திரும்புங்கள், பிறகு ஆக்ஸிலேட்டரை முடி அளவாக, விடாமல் திறந்துகொண்டே போங்கள். முதல் நாளில் ஒரு சுற்று முழுவதையும் ஒரே கியரில், பிரேக்கே தொடாமல் ஓட்டிப் பார்க்கச் சொல்வேன். மெதுவாகத்தான் போவீர்கள், ஆனால் கண் எங்கே போகிறது, கை எப்போது இறுகுகிறது என்பது பளிச்சென்று தெரியும்.

தடத்தைவிட்டு வெளியே போயே ஆக வேண்டும் என்றால் வண்டியை நிமிர்த்தி நேராகப் போங்கள், புல்லிலும் சரளையிலும் முன் பிரேக்கைத் தொடாதீர்கள், மார்ஷல் சைகை காட்டாமல் மீண்டும் தடத்தில் ஏறாதீர்கள். விழுந்தால் வண்டியை விட்டுவிடுங்கள், அது போகட்டும். சறுக்கி நின்றுவிட்டோம் என்று தோன்றிய பிறகும் மனத்துக்குள் மூன்று எண்ணிவிட்டு எழுந்திருங்கள். இன்னும் நகர்ந்துகொண்டிருக்கும்போதே எழுந்து நிற்கப் பார்த்துக் கணுக்காலை முறித்துக்கொண்டவர்கள் உண்டு.

கேள்வி: முதல் நாளிலேயே முழங்கால் தரையில் உரசுமா?

உரசாது. உரச வேண்டிய தேவையும் இல்லை. காலை வெளியே நீட்டித் தரையைத் தேடுகிறவர் தடத்தைப் பார்ப்பதில்லை.

கேள்வி: எனக்கு வயது 51. நாள் முழுக்க உடம்பு தாங்குமா?

இடையிடையே ஓய்வு இருப்பதால் தாங்கும், தண்ணீர் குடித்தால். தோல் உடைக்குள் வியர்வை எவ்வளவு போகிறது என்பதே தெரியாது. தாகம் எடுப்பதற்கு முன்பே குடியுங்கள், மதியம் அளவாகச் சாப்பிடுங்கள், காத்திருக்கும்போது நிழலில் ஜாக்கெட்டைத் தளர்த்திக்கொள்ளுங்கள். வண்டியைத் தொடைகளால் டேங்க்கில் பற்றிக்கொள்ளப் பழகினால் கைக்குப் பாரம் குறையும். அதற்காக இப்போதிருந்தே தினமும் சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலி போல உட்கார்ந்து பழகுங்கள்.

கடைசி ஓட்டத்துக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. நான் டிராக்கில் விழுந்த ஒரே முறை, மாலைக் கடைசி ஓட்டத்தில், உள்ளே வரத் தீர்மானித்துவிட்டு "இன்னும் ஒரே ஒரு சுற்று" என்று தொடர்ந்தபோது. வளைவு அதே வளைவுதான், காலையிலிருந்து நாற்பது முறை போனதுதான். களைப்பில் திரும்ப வேண்டிய புள்ளியை ஒரு மூச்சு தாமதமாகப் பார்த்தேன். சோர்வாக இருந்தால் கடைசி ஓட்டத்தைத் தவிர்த்துவிடுங்கள். கட்டிய பணம் வீண் என்ற எண்ணம் வரும், வரட்டும்.

கேள்வி: வண்டிக் காப்பீடு டிராக்கிலும் செல்லுமா? ஹெல்மெட்டில் கேமரா மாட்டலாமா?

சாலைக்கான காப்பீடு பெரும்பாலும் டிராக் ஓட்டத்தை ஏற்காது. உங்கள் பத்திரத்தின் விலக்குப் பகுதியைப் படியுங்கள். ஹெல்மெட்டில் கேமராவைப் பல இடங்களில் தடை செய்திருக்கிறார்கள், வண்டியில் மாட்டுவதற்கும் அனுமதி கேட்க வேண்டும். முதல் நாளில் கேமரா இல்லாமல் போவதே நல்லது.

கேள்வி: அதே வண்டியில்தான் வீடு திரும்ப வேண்டும். ஏதாவது கவனிக்க வேண்டுமா?

குறைத்த காற்றைச் சாலை அளவுக்கு ஏற்றுங்கள், பிரேக் பேடையும் செயினையும் மறுபடி பாருங்கள், வெறும் தண்ணீர் ஊற்றியிருந்தால் மறுநாளே கூலன்டை மாற்றுங்கள். குறைந்தது அரை மணி நேரம் உட்கார்ந்து, உடை மாற்றி, எதையாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். நாள் முழுக்க வேகத்தில் பழகிய கண்ணுக்குச் சாலையில் 80 கி.மீ. என்பது நடைவேகம் போலத் தெரியும், எதிரே வண்டிகள் வரும் என்பதே சில நிமிடங்களுக்கு விசித்திரமாக இருக்கும். அதனால் வாயிலைத் தாண்டுவதற்கு முன் கண்ணாடிகளை மாட்டி, விளக்குகளிலும் ஸ்பீடோமீட்டரிலும் ஒட்டிய டேப்பை உரித்துவிடுங்கள்; இப்போது அந்த எண் உங்களுக்கு வேண்டும்.