அம்மாவின் கால் வலியும் எல்4-எல்5 நீர்க்கட்டியும்

வணக்கம். அம்மாவுக்கு 66 வயது, இடது கால் சுண்டி இழுக்கிறது, எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் 'எல்4-எல்5 ஃபேசட் சிஸ்ட்' (கீழ்முதுகின் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே உள்ள சிறு மூட்டில் நீர்க்கட்டி) என்று இருக்கிறது, புற்றுநோயாக இருக்குமோ என்று கேட்டிருந்தீர்கள். முதலில் அந்தப் பயத்தை விடுங்கள், இது புற்றுநோய் இல்லை. முதுகெலும்பின் பின்பக்கச் சிறு மூட்டு தேயும்போது அதன் உறை பிதுங்கி, திரவம் சேர்ந்து, பக்கத்தில் போகும் நரம்பை அழுத்துகிறது. அசைவு அதிகமுள்ள எல்4-எல்5 இல்தான் பெரும்பாலும் வரும்.

என் அப்பாவுக்கும் இதுதான். தெருமுனைக் கடைக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் மதிலைப் பிடித்துக் குனிந்து நிற்பார். குனிந்தால் வலி விடும், நிமிர்ந்து நடந்தால் திரும்பப் பிடித்துக்கொள்ளும்.

டாக்டரிடம் ஒன்று கட்டாயம் கேளுங்கள்: நின்றபடி, குனிந்தும் நிமிர்ந்தும் எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா? எம்ஆர்ஐ படுக்கவைத்து எடுப்பது, எலும்பு நழுவுவது அதில் தெரியாமல் போகலாம். ஆபரேஷன் என்றால், கட்டியை மட்டும் எடுத்தால் போதுமா, ஸ்க்ரூ போட்டு எலும்புகளை இணைக்க வேண்டுமா என்பது பெரும்பாலும் அதைப் பொறுத்தது. ஸ்டீராய்டு ஊசியில் சிலருக்குக் குறையும், சிலருக்குத் திரும்ப வரும்.

அப்புறம், பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலோ, சிறுநீர் அடைத்தாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ காத்திருக்காதீர்கள். உடனே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.