ஆக்சுவரி ஆக எந்தப் பாடங்களை எடுப்பது?

கேள்வி: பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். காப்பீடு, ஓய்வூதியம் போன்றவற்றின் நிதி இடர்களைக் கணக்கிடும் ஆக்சுவரி ஆக வேண்டும் என்பது விருப்பம். எங்கள் பல்கலைக்கழகத்தில் அதற்கென்று தனிப் பட்டம் இல்லை. வேறு இடத்துக்கு மாற வேண்டுமா? இருக்கும் விருப்பப் பாடங்களில் எவற்றை எடுப்பது? தேர்வுகளைப் பட்டம் முடித்த பிறகு எழுதினால் போதுமா?

பதில்: மாற வேண்டாம். ஒருவரை ஆக்சுவரி ஆக்குவது பட்டத்தின் பெயரல்ல, தொழில்முறைச் சங்கங்கள் நடத்தும் தேர்வுகள். அமெரிக்காவின் சொசைட்டி ஆஃப் ஆக்சுவரீஸ், பிரிட்டனின் இன்ஸ்டிடியூட் அண்ட் ஃபேக்கல்டி ஆஃப் ஆக்சுவரீஸ் இரண்டும் பெரிய சங்கங்கள். தனிப் பட்டம் படித்தவர்களுக்குச் சில தாள்களில் விலக்கு கிடைக்கலாம். அந்த ஒரு லாபத்துக்காக ஓர் ஆண்டை இழப்பது சரியென்று எனக்குத் தோன்றவில்லை.

முதலில் எடுக்க வேண்டியது நிகழ்தகவு. அதுவும் நுண்கணிதத்தைப் பயன்படுத்திக் கற்பிக்கும் பாடமாக இருக்க வேண்டும். பகடை, சீட்டுக்கட்டு அளவில் நிற்கும் அறிமுகப் பாடம் உதவாது. ஒரு கணக்கைப் பாருங்கள். இழப்பு அடுக்குக்குறிப் பரவலில் (எக்ஸ்பொனென்ஷியல்) அமைகிறது, அதன் சராசரி 1000. முதல் 500-ஐப் பாலிசிதாரரே ஏற்கிறார். அதற்கு மேல் வருவதைக் காப்பீட்டு நிறுவனம் தருகிறது. ஓர் இழப்புக்கு நிறுவனம் சராசரியாக எவ்வளவு தரும்? 1000-இல் 500 போனால் 500 என்று எழுதுகிற மாணவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இழப்பு 200 என்றால் நிறுவனம் தருவது சுழியம். மைனஸ் 300 அல்ல. அதனால் சராசரி 500-ஐவிட உயர்ந்து, சுமார் 607 ஆகிறது. இதைத் தொகையிட்டும் காணலாம். இந்தப் பரவலின் இயல்பு தெரிந்தவருக்குத் தொகையீடே தேவையில்லை: இழப்பு 500-ஐத் தாண்டும் நிகழ்தகவு 0.607, தாண்டிவிட்டால் மிச்சத்தின் சராசரி மறுபடியும் 1000, பெருக்கினால் விடை. அமெரிக்கச் சங்கத்தின் நிகழ்தகவுத் தேர்வில் 3 மணி நேரத்தில் 30 கேள்விகள், கேள்விக்கு 6 நிமிடம். நிரூபணம் எழுதப் பழகிய கணித மாணவர்கள் தடுமாறுவது இந்த வேகத்தில்தான். பல்கலைக்கழகத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியதை நம்பி நேரே போய் உட்காராதீர்கள்.

நிகழ்தகவுக்கு முன் பலமாறி நுண்கணிதத்தை முடித்துவிடுங்கள். கூட்டுப் பரவல் வந்ததும் இரட்டைத் தொகையீடு இல்லாமல் நகர முடியாது. அடுத்த பருவத்தில் கணிதப் புள்ளியியல், அதன் பின் ரெக்ரெஷன் (மாறிகளுக்கு இடையிலான தொடர்பை மதிப்பிடும் முறை), காலத்தொடர். நேரியல் இயற்கணிதம் ரெக்ரெஷனுக்கு முன்பே முடிந்திருந்தால் நல்லது. நிதிக் கணிதத்துக்குத் தனிப் பாடம் இல்லையென்றால் கவலை வேண்டாம். கூட்டு வட்டி, ஆண்டுத்தொகை, பத்திரம், தற்போதைய மதிப்பு எல்லாம் பெருக்குத் தொடரின் மேல் கட்டியவைதான், நீங்களே படித்துக்கொள்ளலாம்.

பலர் கவனிக்காமல் விடுவது பொருளாதாரமும் கணக்கியலும். அமெரிக்கச் சங்கம் பொருளாதாரம், கணக்கியலும் நிதியும், கணிதப் புள்ளியியல் ஆகிய மூன்றுக்கும் தனியே தேர்வு வைப்பதில்லை. அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகப் பாடங்களையே ஏற்றுக்கொள்கிறது. உங்கள் பல்கலைக்கழகப் பாடம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பதிவு செய்யும் முன்பே பாருங்கள். படித்து முடித்த பிறகு இல்லையென்று தெரிந்தால், அதே பாடத்தை மறுபடி வேறெங்காவது பணம் கட்டிப் படிக்க நேரும். பிரிட்டன் சங்கத்தின் வழியில் போவதாக இருந்தால், எந்தத் தாளுக்கு எந்தப் பாடத்தால் விலக்கு கிடைக்கும் என்பதையும் இதேபோல முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

தேர்வைத் தள்ளிப்போடக் கூடாது. நிகழ்தகவுப் பாடம் முடிந்த சில வாரங்களுக்குள் அந்தத் தேர்வை எழுதுங்கள். ஆறு மாதம் விட்டால் பாதி மறந்துபோகும். ஒரு மணி நேரத் தேர்வுக்கு நூறு மணி நேரப் படிப்பு என்பது இந்தத் துறையில் வழங்கும் கணக்கு. வகுப்பில் ஏற்கெனவே படித்திருந்தால் அது கணிசமாகக் குறையும். அமெரிக்கச் சங்கம் மாதிரிக் கேள்விகளை விடைகளோடு இலவசமாகவே வெளியிடுகிறது. புத்தகத்தை மூன்றாம் முறை வாசிப்பதைவிட அவற்றைக் கடிகாரம் வைத்துப் போடுங்கள். பட்டம் கையில் வரும்போது ஒன்றிரண்டு தேர்வுகள் தேறியிருந்தால், பயிற்சி நிலை வேலைக்கு ஆள் எடுப்பவர்களிடம் உங்கள் விண்ணப்பம் தனித்துத் தெரியும்.

எக்செலும், ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியும் பழகுங்கள். பிரிட்டன் சங்கத்தின் சிஎஸ்1 என்ற புள்ளியியல் தேர்வில் ஒரு தாளையே கணினியில் ஆர் மொழியில்தான் எழுத வேண்டும்.

இன்னும் ஓர் இடம் காலியாக இருந்தால், தயங்காமல் அறிக்கை எழுதும் பாடம் ஒன்றை எடுங்கள். பிரீமியத்தை ஏன் உயர்த்த வேண்டும் என்பதைக் கணிதம் தெரியாத நிர்வாகிக்கு இரண்டு பக்கத்தில் விளக்குவது ஆக்சுவரியின் அன்றாட வேலை. நுண்கணிதத்தில் தேர்ந்தவர்களும் அந்த இரண்டு பக்கத்தில் திணறுவதைக் கண்டிருக்கிறேன்.

இந்த வாரமே உங்கள் பாடத்திட்டத்தை எடுத்து, நிகழ்தகவு எந்தப் பருவத்தில் வருகிறது என்று பாருங்கள். மூன்றாம் ஆண்டின் இறுதியில்தான் என்றால், முன்னதாகவே எடுக்க அனுமதி உண்டா என்று துறைத் தலைவரிடம் கேளுங்கள்.