கேளுங்கோ, சொல்லுறன்: குளத்தடியில ஒரு வகுப்பு

இந்த முறை வந்த கடிதங்களில அரைவாசி ஒரே விஷயம்தான், வேர்ச்சுவல் உலகத்துக்குள்ள, அதாவது கொம்பியூட்டரில ஆளாளுக்கு ஒரு உருவமெடுத்து நடந்து திரியிற உலகத்துக்குள்ள, பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறது. ஆர் இந்தக் கதையைத் தொடக்கிவிட்டதோ தெரியாது. அதால போன் பற்றரி கேள்வியெல்லாம் அடுத்த முறைக்கு.

அண்ணை, நான் 9ஆம், 10ஆம் ஆண்டுப் பிள்ளையளுக்கு வரலாறு ரியூசன் எடுக்கிறன். சூமில எல்லாரும் கமராவை ஓஃப் பண்ணிப்போட்டு எங்கயோ போயிடுதுகள். கேம் மாதிரி ஒரு உலகத்தில வகுப்பு வைக்கலாம் எண்டு மகன் சொல்லுறான். எங்க தொடங்கிறது, எவ்வளவு முடியும்?
ஒரு ரீச்சர், வெள்ளவத்தை

மிஸ், கோவிக்காதேங்கோ, முதல்ல ஒண்டு சொல்லுறன். உள்ள போய் வாங்கு, மேசை, கரும்பலகை எல்லாம் வைச்சு ஒரு வகுப்பறை கட்டாதேங்கோ. எல்லாரும் முதல் செய்யிற வேலை அதுதான், நானும் செய்தனான், 40 வாங்கு செய்து அடுக்கி முடிய ரெண்டு கிழமை, ஒரு பிள்ளை கூட அதில இருக்கேல்ல, எல்லாம் கூரையில ஏறி நிண்டுதுகள். கால் நோகாத உருவத்துக்கு வாங்கு எதுக்கு? நீங்கள் கதைக்க அவை கேக்கிறது மட்டும்தான் வகுப்பு எண்டா சூமே காணும். உள்ள போறதுக்கு ஒரு காரணம் வேணும், வெளியில செய்ய ஏலாத ஒண்டை அங்க செய்ய வேணும்.

உங்கட பாடத்திலயே அது இருக்கு. பொலன்னறுவைக் குளத்தைப் பராக்கிரம சமுத்திரம் எண்டு கொப்பியில ரெண்டு வரி எழுதி 12ஆம் நூற்றாண்டு எண்டு கோடு போட்டு விடுறம் எல்லோ, அதை விட்டுட்டு பிள்ளையளிட்டச் சொல்லுங்கோ, ஒரு குளம் கட்டுங்கோ, கட்டு உடையாமல் தண்ணியை வயலுக்கு எடுங்கோ எண்டு. நான் 11 பெடியளோட இதைச் செய்து பார்த்தனான். முதல் நாள் கட்டில சும்மா ஒரு ஓட்டை போட்டாங்கள், தண்ணி பாஞ்சுது, சந்தோசம். அப்ப நான் கேட்டன், நிசத்தில 10 மீற்றர் ஆழத் தண்ணி அந்த ஓட்டையில என்ன வேகத்தில வரும், கட்டு நிக்குமோ எண்டு. அதுக்குப் பிறகுதான் பிசோகொட்டுவ எண்டா என்னெண்டு புத்தகத்தைத் திறந்தாங்கள், குளக்கட்டின்ர உள்பக்கம் சதுரமா ஒரு கிணறு மாதிரிக் கட்டி, தண்ணியின்ர வேகத்தையும் அமுக்கத்தையும் அதுக்குள்ள அடக்கி, துருசால, அதான் மதகால, அளவா விடுறது. அந்த உலகத்தில எல்லாம் ஒரே அளவுக் கல்லு, ஒரு கல்லு எல்லாப் பக்கமும் 1 மீற்றர் எண்டதால நீளம் அகலம் எல்லாம் எண்ணியே கண்டுபிடிச்சாங்கள்.

இதில ஒரு பகிடியும் நடந்தது. துருசைத் திறந்து விட்டும் குளம் வத்தேல்ல! அந்த உலகத்தில ஊத்துத் தண்ணி குறையாது, எவ்வளவு ஓடினாலும் அப்பிடியே நிக்கும். ஒருத்தன் "சேர், இது பொய்க் குளம்" எண்டான். அந்த ஒரு வசனத்தில இருந்து மழை, வறட்சி, வான் பாயிறது, ஒரு குளத்தில இருந்து அடுத்த குளத்துக்குத் தண்ணி போறது எண்டு முக்கால் மணித்தியாலம் கதை போச்சுது. அப்பிடிப் பொய் வாற இடத்தை மறைக்காதேங்கோ, பாடம் அங்கதான் தொடங்குது.

எதில செய்யிறது எண்டா, லுவான்டி, கல்லுக் கல்லா அடுக்கிக் கட்டுற கேம் மாதிரி ஒரு சொஃப்ட்வெயார். முந்தி மைன்ரெஸ்ட் எண்டு இருந்தது, 2010இல தொடங்கினது, 2024 ஒக்டோபரில பேரை மாத்தினவை. காசில்லை, பழைய லப்டொப்பில ஓடும், அன்ட்ரொயிட் போனிலயும் ஓடும். மைன்கிராஃப்ட் எடியுகேஷன் நல்லதுதான், 2016இல இருந்து இருக்கு, பாடங்களும் ரெடியா இருக்கு, ஆனா ஒவ்வொரு பிள்ளைக்கும் லைசென்சும் பாடசாலைக் கணக்கும் வேணும், தனியா ரியூசன் எடுக்கிற உங்களுக்கு அது தலையிடி. லுவான்டியெண்டா உங்கட வீட்டு ஹோலில ஒரு லப்டொப்பை சேவராக்கி, அதாவது உலகம் ஓடுற மெசினாக்கி, வைஃபையில பிள்ளையளின்ர போனை இணைச்சாலே காணும், இன்ரநெற்றே தேவையில்லை, டேற்றாக் காசும் மிச்சம். வீட்டில இருந்து இணையிற பிள்ளையளுக்கு மட்டும்தான் வெளியில ஒரு சேவரை மாச வாடகைக்கு எடுக்க வேணும்.

எங்கட பழைய மாணவர் சங்கம், பள்ளிக்கூடத்தை அப்பிடியே வேர்ச்சுவல் உலகத்தில கட்ட யோசிக்குது. மண்டபம், மணிக்கூட்டுக் கோபுரம், மைதானம் எல்லாம். ஒரு கொம்பனி பல லட்சம் கேக்குது. குடுக்கலாமோ?
ஒரு செயலாளர், கொட்டாஞ்சேனை

ஐயா, திறப்பு விழாவுக்கு நல்லா இருக்கும். அடுத்த நாள் ஆர் வருவினம்?

இது நடந்து முடிஞ்ச கதை. செகண்ட் லைஃப் எண்ட வேர்ச்சுவல் உலகம் 2003இல வந்தது, நாலஞ்சு வருஷத்தில உலகத்துப் பல்கலைக்கழகங்கள் போட்டி போட்டு அதுக்குள்ள காணி வாங்கினவை, ஒரு காணி 256க்கு 256 மீற்றர், கனபேர் தங்கட கட்டடத்தை அச்சொட்டா அதில கட்டினவை. கட்டின மண்டபங்களில கனக்க காத்து வாங்கிக்கொண்டு நிண்டுது. இடையில 2010இல செகண்ட் லைஃப் நடத்திற கொம்பனி அறிவிச்சுது, படிப்பு நிறுவனங்களுக்குக் குடுத்த அரைவிலைக் கழிவு 2011 ஜனவரியோட இல்லையெண்டு. கன பேர் மூட்டை கட்டினவை. 2013இல கழிவு திரும்பி வந்தது, போன எல்லாரும் திரும்பி வரேல்ல. பிறகு இதே மாதிரி உலகங்களில அல்ட்ஸ்பேஸ் 2023 மார்ச்சில பூட்டினது, மொசில்லாவின்ர ஹப்ஸ் 2024 மே 31இல பூட்டினது, ஹப்ஸின்ர கோட் ஆரும் எடுத்துப் பாவிக்கக்கூடிய திறந்த மூலம் எண்டபடியா இப்ப வேற ஆக்கள் தொடர்ந்து பாக்கினம்.

கொழும்பில அனெக்ஸில, ஒருத்தற்ற வீட்டோட ஒட்டின பகுதியில, வாடகைக்கு இருந்த ஆக்களுக்கு இது விளங்கும். நீங்கள் பெயின்ற் அடிச்சு, கிச்சினுக்கு மாபிள் போட்டு முடிய, வீட்டுக்காரர் வந்து "மகள் வெளியில இருந்து வாறா, அடுத்த மாசம் விடுங்கோ" எண்டுவார்.

அதால அந்தக் கொம்பனியிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்கோ: கட்டினதை முழுசா ஒரு ஃபைலாக்கி எங்கட கையில தருவியளோ? ஓப்பன்சிமுலேற்றர், சுருக்கமா ஓப்பன்சிம், எண்டு 2007இல இருந்து இருக்கிற இலவச சொஃப்ட்வெயார் இருக்கு, செகண்ட் லைஃப் மாதிரியேதான், அதில ஒரு காணியை அதில நிக்கிற கட்டடத்தோட ஓ.ஏ.ஆர் எண்ட ஒரே ஃபைலா இறக்கி வைச்சு, நாளைக்கு வேற சேவரில ஏத்தலாம். தரமாட்டம் எண்டா எழும்பி வாங்கோ.

அதோட, அச்சொட்டாக் கட்டுறதும் சரிவராது. கமரா உருவத்துக்குப் பின்னால, கொஞ்சம் மேல மிதக்கும். 10 அடி உயர வகுப்பறையை அளவு மாறாமல் கட்டினா கமரா சீலிங்குக்குள்ள போய் முட்டும், படியில ஏறேக்க சுவரைத்தான் பாப்பியள். கதவு, சீலிங் எல்லாம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கா வைச்சாத்தான் உள்ளுக்கு நடக்கலாம். முழுப் பள்ளிக்கூடமும் வேண்டாம், பழைய நூலகத்தை மட்டும் கட்டி, பழைய படங்களையும் பழைய மாணவரின்ர குரல் பதிவுகளையும் அதுக்குள்ள வையுங்கோ.

என்ர மகன் 7ஆம் ஆண்டு. இப்பவே போனை விடுறான் இல்லை, இதில நீங்கள் வேற படிப்பெண்டு சொல்லிக் குடுக்கிறியள். முகம் தெரியாத ஆக்கள் வந்து கதைக்கமாட்டினமோ?
ஒரு அம்மா, தெஹிவளை

அக்கா, உங்கட பயம் சரி. பொது உலகங்களுக்குள்ள சின்னப் பிள்ளையளை விடக் கூடாது, செகண்ட் லைஃப் அந்த வயசுக்கு இல்லவே இல்லை. நான் சொல்லுறது ரீச்சரே வைச்சிருக்கிற, வெளியாக்களுக்குத் தெரியாத சேவர். அதைப் பொதுப் பட்டியலில போடக் கூடாது, பாஸ்வேர்ட் பிள்ளைக்குப் பிள்ளை வேற, உண்மைப் பேர் பாவிக்கக் கூடாது. இந்த மூண்டையும் ரீச்சரிட்டக் கேளுங்கோ. பதில் இழுபட்டா அனுப்பாதேங்கோ. போனை விடாத பிரச்சினைக்கு என்னிட்ட மருந்தில்லை, என்ர வீட்டிலயும் அதே கதைதான்.

உலகத்துக்குள்ள தமிழில அறிவிப்புப் பலகை வைச்சா எழுத்துக் குழம்புது. 'கொ' எண்டு எழுதினா கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். என்ன செய்யிறது?
ஒரு கம்பஸ் மாணவி, பம்பலப்பிட்டி

தங்கச்சி, நானும் இதில ஒரு இரவு முழுக்க நித்திரை முழிச்சனான். எழுத்தைச் சேர்த்து வடிவமைக்கிற வேலையை இந்தச் சொஃப்ட்வெயாருகள் சில இடங்களில செய்யாது. அதோட சண்டை பிடிக்காதேங்கோ. பலகையில என்ன வேணுமோ அதை வெளியில தமிழில எழுதி, படமாக்கி, அந்தப் படத்தைப் பலகையில ஒட்டுங்கோ. 512க்கு 512 அளவு காணும். 1024 போட்டா நாலு மடங்கு மெமரி தின்னும், பழைய போன் வைச்சிருக்கிற பிள்ளைக்குப் பலகை வர முதல் வகுப்பு முடிஞ்சிடும்.

நான் ஆறு மாசமா ஓப்பன்சிமில விஞ்ஞானத்துக்கு ஒரு இடம் வைச்சு நடத்துறன். தொடக்கத்தில 20 பேர் வந்தினம், இப்ப ரெண்டு மூண்டு. 24 மணித்தியாலமும் திறந்துதான் வைச்சிருக்கிறன். என்ன பிழை?
ஒரு சேர், மட்டக்குளி

சேர், 24 மணித்தியாலமும் திறந்ததுதான் பிழை. பிள்ளை செவ்வாய்க்கிழமை இரவு வருது, ஒருத்தரும் இல்லை, வெறும் மண்டபம், சத்தமில்லை. ரெண்டு சுத்து சுத்திப்போட்டுப் போயிடும், பிறகு வராது. பூட்டி வையுங்கோ. சனிக்கிழமை 4 மணிக்குத் திறக்கும், 5:15க்குப் பூட்டும் எண்டு சொல்லுங்கோ. 3:50க்கே நீங்கள் உள்ள வந்து, ஆக்கள் வந்து இறங்கிற இடத்தில நில்லுங்கோ, பேர் சொல்லிக் கூப்பிடுங்கோ.

முதல் கால் மணித்தியாலம் பாடத்துக்கு இல்லை. உடுப்பு மாத்துங்கள், பறக்குங்கள், ஒண்டையொண்டு தள்ளுங்கள், விடுங்கோ. மைக்கை நீங்கள் சொல்லேக்க மட்டும் திறக்கச் சொல்லுங்கோ, ஹெட்போன் இல்லாத ஒரு பிள்ளை காணும், உங்கட குரலே திரும்ப வந்து முழு வகுப்பையும் குழப்பும். 10, 12 பேருக்கு மேல தனி ஆளாச் சமாளிக்க ஏலாது, ரெண்டு பெரிய வகுப்புப் பிள்ளையளை உதவிக்கு வையுங்கோ. குழப்படிகாரனைத்தான் நான் உதவிக்கு எடுக்கிறனான், ஏனெண்டா எங்க ஓட்டை இருக்கு எண்டு அவனுக்குத்தான் தெரியும். ஒருத்தன் எங்கட மண்டபத்துக்கு அடியில ஒரு சுரங்கம் தோண்டி வைச்சிருந்தான், மூண்டு கிழமையா எனக்குத் தெரியாது. இப்ப அவன்தான் எனக்குக் கட்டடக் காவல். கையை மீறினா ஆளை வெளியில போடத் தேவையில்லை, கட்டிற உரிமையை மட்டும் எடுத்து விடுங்கோ, நடக்கலாம், கதைக்கலாம், கல்லில கை வைக்க ஏலாது. லுவான்டியில அதுக்கு 'இன்ரரக்ட்' எண்ட அனுமதியைத் தூக்கினாச் சரி, ஓப்பன்சிமில காணி செற்றிங்கில இருக்கு.

ஒவ்வொரு வகுப்பு முடியவும் ஓ.ஏ.ஆர் ஒண்டு இறக்கி, திகதி போட்டு வையுங்கோ. 2022இல 13 மணித்தியாலம் கரண்ட் போன நாளுகளை மறந்திருக்கமாட்டியள். சேவர் வீட்டில எண்டா அதுக்கும் ரூட்டருக்கும் ஒரு யூ.பி.எஸ் வேணும், கரண்ட் சட்டெண்டு நிக்கேக்க டேற்றாபேஸ் கெட்டா ஆறு மாச வேலையும் போச்சு.

அந்த மூண்டு பேரோடயே இந்தச் சனிக்கிழமை தொடங்குங்கோ. அடுத்த முறை சேவர் வாடகைக் கணக்குக் கேட்டவைக்கு எழுதுறன், கடிதம் போடுற ஆக்கள் எத்தினை பிள்ளையள், போனோ லப்டொப்போ எண்டும் சேர்த்து எழுதுங்கோ.